சாட்சிகள் அறையில் ஓடும் நேரலை

அனுப்புநர்
லிஃப்ட் மெக்கானிக்கின் மகள்,
பத்தாம் வகுப்பு மாணவி.

பெறுநர்
நிர்வாக அலுவலர் அவர்கள்,
நீதிமன்ற வளாகம்.

பொருள்: சாட்சிகள் காத்திருக்கும் அறையில் விசாரணை நேரலையை நிறுத்தக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றில் லிஃப்ட் அறுந்து விழுந்து ஒரு பெரியவரின் கால் முறிந்தது. அந்த வழக்கில் என் அப்பா குற்றம் சாட்டப்பட்டுள்ளார். ‘பழுது, ஏறாதீர்கள்’ என்ற பலகையை அவர் கதவில் மாட்டினாரா இல்லையா என்பதுதான் கேள்வி.

2. சென்ற விசாரணையன்று சாட்சிகளைத் தனி அறையில் உட்கார வைத்தார்கள். ஒருவர் சொல்வதை மற்றவர் கேட்கக் கூடாது என்பதற்கே அந்த ஏற்பாடு என்று நூலகத்தில் படித்திருக்கிறேன். அறை வாசலில் இருந்த காவலர் அக்காவும் அதே காரணத்தைச் சொல்லி எல்லோருடைய கைபேசிகளையும் ஒரு தட்டில் வாங்கி வைத்தார். அந்தத் தட்டுக்கு நேர் மேலே சுவரில் ஒரு தொலைக்காட்சி. அதில் எங்கள் வழக்கே நேரலையாக ஓடிக்கொண்டிருந்தது. முன்வாசலைப் பூட்டிவிட்டுக் கொல்லைக் கதவைத் திறந்து வைத்த கதைதான்.

3. முதல் சாட்சியான குடியிருப்புக் காவலாளி, பலகை இல்லை என்றார். என் பக்கத்தில் இருந்தவர் அந்த வாசலில் துணி தேய்ப்பவர். பலகையைப் பார்த்ததாகப் போலீசாரிடம் ஏற்கெனவே சொன்னவர். “என்ன பாப்பா, அவரு இல்லவே இல்லன்னு அடிச்சு சொல்றாரு. நான் இருந்துச்சுன்னு சொன்னா, டிவி பாக்குற அத்தனை பேரும் என்னைப் பொய்யன்னுவாங்க. நாளைக்கு அதே வாசல்லதானே வண்டிய நிறுத்தணும்?” என்றார். காவலர் அக்காவோ, “சத்தம் போடாதீங்கண்ணே, டிவி கேக்கல” என்றார். சிறிது நேரத்தில் கூண்டில் ஏறிய துணி தேய்ப்பவர், ஞாபகம் இல்லை என்று மட்டும் சொன்னார். அவர் கெட்டவர் அல்லர், பயந்துவிட்டார். இதை எங்கள் வழக்கறிஞர் நீதிபதியிடம் முறையிடுவார். தங்களிடம் நான் அதைக் கேட்கவில்லை.

4. நீதிமன்றத்தில் உள்ள கேமராவையே எடுத்துவிடவும் கேட்கவில்லை. தையல் கம்பெனியில் வேலை செய்யும் அம்மாவுக்கு அன்று விடுப்பு கிடைக்கவில்லை. அரசு வழக்கறிஞர் அப்பாவிடம் குரலை உயர்த்தியபோது நீதிபதி, “அதட்டாம கேளுங்க” என்றதை அம்மா அதே நேரலையில், கைபேசியில் பார்த்தார். அதன் பிறகுதான் டிபன் பாக்ஸைத் திறந்தாராம்.

5. ஆகவே, அந்த அறையின் தொலைக்காட்சியை அணைக்க வேண்டும். சாட்சியங்களைப் படம் பிடிக்கட்டும்; ஆனால் கடைசி சாட்சி கூண்டிலிருந்து இறங்கிய பிறகே ஒளிபரப்பட்டும். முகம் காட்ட விரும்பாதவரை விட்டுவிடட்டும்.

6. நான் அங்கே வேடிக்கை பார்க்க வந்தவள் இல்லை. அப்பா அந்தப் பலகையைக் கம்பியால் கட்டியபோது மறுமுனையைப் பிடித்துக்கொண்டிருந்தவள் நான். அடுத்த சாட்சியும் நானே; அன்று நேரமாகிவிட்டதால் அழைக்கவில்லை. டிவியை நானும் பார்த்தேன். ‘அதைப் பார்த்துவிட்டுத்தானே சொல்கிறாய்?’ என்று கூண்டில் கேட்டால், பார்க்கவில்லை என்று என்னால் சொல்ல முடியாது. எனக்குப் பின் வருகிறவர், அப்பாவுக்கு எதிராகப் பேச வருகிறவரே ஆனாலும், பார்க்கவில்லை என்று சொல்லக்கூடியவராக இருக்கத் தாங்கள் ஆவன செய்ய வேண்டுகிறேன்.

இடம்: பொது நூலகம்
நாள்: அடுத்த விசாரணைக்கு முந்தைய திங்கட்கிழமை

பணிவுடன்,
(கையொப்பம்)
இன்னும் அழைக்கப்படாத சாட்சி