மாடி அப்பா

செப்டம்பர் 5

அன்புள்ள அக்காவுக்கு,

நலம் என்று எழுதிப் பழகிய கை, இன்று அந்தச் சொல்லுக்கு முன்னால் தயங்குகிறது. பயப்படாதே, உயிருக்கு ஒன்றுமில்லை. வலது முழங்கால் மட்டும் கோளாறு.

செவ்வாய்க்கிழமை காலை ஏழு பத்து. சின்னவளின் ஓவிய நோட்டு மாடியில் இருந்தது. பெரியவள் பையோடு வாசலில் நின்றாள். அந்த நேரம் பார்த்து ஒரு குடியிருப்பிலிருந்து போன், லிஃப்டுக்குள் ஆள் மாட்டிக்கொண்டதாக. போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு, ஷூவுக்குக் கயிறுகூடக் கட்டாமல் ஓடினேன். எங்கள் மாடிப்படி பதின்மூன்று. ஒன்பதாவதில் கால் மடங்கியது. உள்ளே துணி கிழிவது போல ஒரு சத்தம் கேட்டது. அங்கிருந்து கீழே வந்து சேர்ந்த வழி எனக்கு ஞாபகமில்லை.

பக்கத்து வீட்டுத் தையல்காரம்மாதான் வண்டி பிடித்து மருத்துவமனைக்குக் கூட்டிப்போனார். "ஜவ்வு கிழிஞ்சிருக்கு, ஆறு வாரம் படி ஏறக் கூடாது" என்றார் டாக்டர். "நீங்க லிஃப்ட் மெக்கானிக்தானே, வீட்டுல ஒண்ணு மாட்டிக்கங்க" என்று சிரிப்பு வேறு.

இப்போது முன்னறை சோபாதான் என் குடித்தனம். பிள்ளைகளின் அறை, துணி அலமாரி, இஸ்திரிப் பெட்டி எல்லாம் மேலே. பிள்ளைகளின் அம்மா இறந்த இந்த நான்கு வருஷத்தில் நான் ஓரிடத்தில் உட்கார்ந்தது இதுதான் முதல்முறை. பதினொரு வயதுக்காரி எவ்வளவுதான் செய்வாள்? ஆறு வயதுக்காரியை யார் கிளப்புவது?

போனில் சொல்லலாமென்றால் உன் காதுக்கு அது வண்டு இரைச்சலாகத்தான் கேட்கும். அதனால் இந்தக் கடிதம். இன்னொன்று: விழும்போது கழன்ற வலது ஷூவைக் காணவில்லை. பெரியவள் வீடு முழுக்கத் தேடிவிட்டாள்.

உன் தம்பி

*

செப்டம்பர் 14

என் அருமை அவசரத்துக்கு,

ஒரு மாதம் முன்னாலேயே பிறந்தவனுக்கு வேறென்ன பெயர் வைப்பது? உன் கடிதத்தைப் படித்துவிட்டு முதலில் அழுதேன், பிறகு திட்டினேன். ஷூக் கயிறு கட்ட அரை நிமிஷம் ஆகுமாடா?

முப்பது வருஷம் எலும்பு வார்டில் நர்ஸாக இருந்தவள் சொல்கிறேன், கேள். காலைத் தலையணை மேல் உயர்த்தி வை. பனிக்கட்டியைத் துணியில் சுற்றி வை, நேராகத் தோலில் வைக்காதே. வலி குறைந்ததும் குணமாகிவிட்டதாக நினைத்துத் துள்ளாதே. படி ஏறச் சொல்லும் நாள் வந்தால் ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது பட்ட கால் முதலில்.

இங்கே ஒன்றும் விசேஷமில்லை. புதுக் காதுக்கருவி வாங்கினேன். நானே மெல்லும் சத்தம் மட்டும் அதில் பிரமாதமாகக் கேட்கிறது.

ஒன்று கேட்க வேண்டும். பிள்ளைகளின் சீருடையை யார் தேய்க்கிறார்கள்? பெரியவளிடம் இஸ்திரிப் பெட்டியைக் கொடுத்துவிடாதே, சுட்டுக்கொள்வாள்.

உன் அக்கா

*

செப்டம்பர் 22

அன்புள்ள அக்காவுக்கு,

நீ கேட்கும்வரை அதை நான் யோசிக்கவேயில்லை. தினமும் காலையில் இரண்டு பேரும் தேய்த்த சீருடையில்தான் இறங்கி வருகிறார்கள். சின்னவளைப் பக்கத்தில் கூப்பிட்டுக் கையைத் தடவிப் பார்த்தேன். சட்டைக் கையில் இரட்டை மடிப்பு. அவசரத்தில் நான் தேய்த்தால் விழுகிற அதே மடிப்பு.

"யாரும்மா தேய்ச்சது? தையல்காரம்மா வந்தாங்களா?"

பெரியவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். "நீங்கதானேப்பா?"

"நான் இங்கதானே இருக்கேன்."

சின்னவள்தான் சொன்னாள்: "இந்த அப்பா இல்ல. மாடி அப்பா."

விளையாட்டாகக் கேட்பது போலக் கேட்டேன், மாடி அப்பா என்ன செய்வார் என்று. "தேய்ப்பாரு. தலை வாருவாரு. திரும்பவே மாட்டாரு. கிளம்பு, கிளம்பு, நேரமாச்சுன்னு மட்டும் சொல்வாரு." கொஞ்சம் யோசித்துவிட்டு, "முன்னாடியும் அப்படித்தானே இருந்தாரு" என்றாள்.

மாத்திரை மயக்கம் என்று நீ சொல்வாய். நானும் அப்படித்தான் நினைத்தேன். மறுநாள் மாத்திரை போடாமல் விழித்திருந்தேன். ஆறு நாற்பதுக்கு நல்ல வெளிச்சம். பிள்ளைகள் இரண்டு பேரும் என் கண் முன்னால் பல் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். மேலே ஆள் நடக்கிற சத்தம். அலமாரிக்கு ஆறு அடி, ஜன்னலுக்கு நான்கு, திரும்ப அலமாரிக்கு. கெட்டுப்போன லிஃப்டைச் சத்தத்தை வைத்தே கண்டுபிடிக்கிறவன் நான். அது ஓட்டமும் நடையுமாகப் போகிற ஆளின் சத்தம். ஒரு கால் டக்கென்று விழுகிறது, மறு கால் மெத்தென்று. ஒரு காலில் மட்டும் ஷூ போட்டவன் நடப்பது போல.

தையல்காரம்மாவை மேலே போய்ப் பார்க்கச் சொன்னேன். பார்த்துவிட்டு வந்து, "யாருமில்லீங்க" என்றார். "இஸ்திரிப் பெட்டி மட்டும் சூடா இருக்கு. பிள்ளைங்கள பாத்துச் செய்யச் சொல்லுங்க."

உன் தம்பி

*

அக்டோபர் 1

அன்புத் தம்பிக்கு,

மாத்திரை மயக்கம் என்றே எழுத உட்கார்ந்தேன். எழுத வரவில்லை.

என் வார்டில் ஒரு தபால்காரர் இருந்தார். உன்னைப் போலவே முழங்கால், உன்னைப் போலவே பறக்கிற ஆசாமி. படுக்கையிலிருந்து தினமும் சொல்வார், "என் தெருவுல யாரோ தபால் போடுறான் சிஸ்டர், என் நடைதான் அது" என்று. நாங்கள் சிரித்தோம். குணமாகி வேலைக்குத் திரும்பினார். ஒரு வருஷம் கழித்து அவர் மனைவியைக் கடையில் பார்த்தேன். கால் எப்படி என்றேன். "காலுக்கு ஒண்ணுமில்லீங்க, இப்பவும் ஓடுறாரு. ஆனா திரும்பி வந்தது அவர் இல்ல" என்றாள். ஏதோ புருஷன் பெண்டாட்டிச் சண்டை என்று நினைத்து நான் காய்கறி பொறுக்கப் போய்விட்டேன். இன்றுவரை அந்த வாக்கியத்தை நினைத்ததில்லை.

பிள்ளைகளைக் கீழே உன்னோடு படுக்க வை. துணி அலமாரியைத் தையல்காரம்மாவை வைத்துக் கீழே இறக்கு. அங்கே வர டிக்கெட்டுக்குச் சொல்லியிருக்கிறேன், மாதக் கடைசிக்குள் வந்துவிடுவேன். அதுவரை அவசரப்பட்டு ஏறாதே. கண்ணா, உன்னிடம் நான் எதையும் கெஞ்சிக் கேட்டதில்லை. இதைக் கேட்கிறேன்.

உன் அக்கா

*

அக்டோபர் 10

அன்புள்ள அக்காவுக்கு,

பாய், தலையணை, துணிமணி எல்லாம் கீழே வந்தாயிற்று. முன்னறை இப்போது ரயில் பெட்டி போல இருக்கிறது. சொன்னால் நம்பமாட்டாய், நான் சந்தோஷமாக இருக்கிறேன். சின்னவளுக்குக் கீழ்ப்பல் ஆடுகிறது, ஒரு மாதமாக ஆடுகிறதாம். பெரியவள் கணக்கு வகுப்பில் பயத்தில் விரலைக் கடித்துப் புண்ணாக்கி வைத்திருக்கிறாள். நான்கு வருஷம் தினமும் அந்தக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடியிருக்கிறேன், விரலைப் பார்த்ததில்லை. முந்தாநாள் அவள் சொன்னாள், "கால் சரியாகாட்டியும் பரவால்லப்பா."

ஆனால் நேற்று ஒன்று நடந்தது. பள்ளி விடுமுறை. சின்னவள் பொம்மையை எடுக்க மேலே ஓடிவிட்டாள். ஐந்தே நிமிஷம். இறங்கி வந்தபோது சீருடை, பை, இறுக்கிப் பின்னிய இரட்டைச் சடை. நெற்றியோரத் தோல் இழுபட்டு ரத்தம் கட்டியிருந்தது. அந்தச் சீருடையைத் துணி இறக்கிய அன்றே என் தலைமாட்டுப் பெட்டியில் வைத்தது நான்தான். பெட்டியைத் திறந்து பார்த்தேன், அங்கேயும் இருந்தது.

"லீவுன்னு சொன்னேன்ப்பா. அவருக்குக் கேக்கல" என்றாள். அழக்கூட இல்லை. அதுதான் என்னைக் கொன்றுவிட்டது.

இன்று டாக்டர் படி ஏறலாம் என்றார். திங்கட்கிழமை வேலைக்கு வரச் சொல்லி அலுவலகத்திலிருந்தும் போன். நீ வரும்வரை பொறுக்க முடியாது அக்கா. நாளை சனிக்கிழமை காலை ஏறுகிறேன். அவசரமாக இல்லை. நீ சொன்னபடி நல்ல கால் முதலில், ஒவ்வொரு படியாக. அவன் முகத்தைப் பார்த்து, "நில்லு, போதும், என் பிள்ளைகளை விடு" என்று சொல்ல வேண்டும். அவனும் நான்தான் என்றால் கேட்பான்.

பிள்ளைகள் என் சட்டையைப் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். கீழேயே இருக்கச் சொல்லியிருக்கிறேன்.

உன் தம்பி

*

அக்டோபர் 13

அக்கா,

நேரமில்லை. சுருக்கமாக எழுதுகிறேன். முழங்காலைப் பற்றி ஏன் எழுதுகிறாய்? எந்த முழங்கால்? எனக்கு ஒன்றும் ஆகவில்லை. ஓட்டமாக ஓடிக்கொண்டிருக்கிறேன்.

சனிக்கிழமை யாரோ ஒருவன் படியேறி வந்தான். மெதுவாக, மகா மெதுவாக. பன்னிரண்டு படி ஏறி, ஒரு படி பாக்கியிருக்கும்போது நின்றான். ஏதோ சொன்னான். எனக்குச் சட்டை தேய்க்கிற வேலை, திரும்பவில்லை. வெகு நேரம் நின்றான். பிறகு ஒவ்வொரு படியாக இறங்கிப் போய்விட்டான்.

பிள்ளைகள்தான் சரியில்லை. மேலே வருவதேயில்லை. காலையில் எத்தனை முறை கூப்பிட்டாலும் பெரியவள் கீழேயிருந்து, "அப்பாகூட இருக்கேன்" என்கிறாள். அப்பா நான் இங்கே இருக்கிறேன். அங்கே யாரோடு இருக்கிறாள்? சிரிப்புச் சத்தம் வேறு. பள்ளிக்கு நேரமாகிறது, சிரிக்கிறார்கள்.

நீ மாதக் கடைசியில் வருவதாகச் சொன்னாயாம். வேண்டாம். வந்தால் உட்கார்ந்து பேச எனக்கு நேரமிருக்காது.

இந்தக் கடிதத்தை ஜன்னல் வழியாகத் தபால்காரரிடம் போட்டுவிடுகிறேன். வெளியே போகலாமென்றால் ஒரு ஷூதான் இருக்கிறது, வலது. இடது கீழே சோபாவுக்கு அடியில் இருக்கிறதாம். இன்று முடியாது. நாளை காலை இறங்கி எடுத்துக்கொண்டு, பிள்ளைகளையும் கிளப்பிவிடுகிறேன்.

அவசரம்