அப்பா சொல்லிக்கொடுத்த இரண்டு ‘மாட்டேன்’

கோலார் தங்கவயல்
14-2-1938

அம்மாவுக்குச் செல்லனின் கும்பிடு. நான் சுகம். உன் முழங்கால் வலியும் செவலைப் பசுவும் எப்படி? தங்கச்சி பாஞ்சாலி இதை உனக்கு மட்டும் கேட்கும்படி படிக்கட்டும்.

பொன் வெட்ட வந்த அப்பா பொன்னன், ஞானஸ்நானம் பெற்று சவரிமுத்து ஆனது உனக்குத் தெரியும். பொன் முத்தானதில் எனக்கு வருத்தமில்லை. நேற்று மாதா கோயிலில் அவருக்கும் அந்தோணியம்மாள் என்பவளுக்கும் கல்யாண ஓலை வாசித்தார்கள். தடை தெரிந்தவர்கள் சொல்லலாம் என்றார் சாமியார். நான் எழுந்து, “தடை எங்க ஊரு கடத்தூர்ல மாடு மேய்ச்சிக்கிட்டு இருக்குதுங்க சாமி” என்றேன். எல்லோரும் சிரித்தார்கள்.

சாமியார் மட்டும் சிரிக்காமல் உன் பதில் எழுதிய ஒரு தாளைக் காட்டினார். போன மாதம் கோயில் உபதேசியார் உன்னிடம் வந்து, ஞானஸ்நானம் பெறுவாயா, இல்லாவிட்டால் புருஷனோடு சமாதானமாகவாவது வாழ்வாயா என்று கேட்டாராமே. இரண்டுக்கும் மாட்டேன் என்றாயாம். அதனால் கோயில் சட்டப்படி அப்பா வேறு கல்யாணம் செய்யலாமாம். அந்தத் தாலி ஏறும் நிமிடமே உன் தாலி செல்லாதாம்.

‘எதைக் கேட்டாலும் மாட்டேன் என்று சொல், இல்லையென்றால் தலையில் தண்ணீர் ஊற்றிக் கூட்டிப்போய்விடுவார்கள்’ என்று அப்பா உனக்கு அனுப்பிய கடிதத்தை, அவர் சொல்லச் சொல்லச் சிரித்துக்கொண்டே எழுதியவன் நான்தான். என் கையாலேயே உன்னை ஏமாற்றிவிட்டார். சாமியாரிடம் சொல்லிவிட்டேன். கல்யாணத்தை நிறுத்திவைத்திருக்கிறார். வியாழக்கிழமை உபதேசியார் மறுபடி கேட்க வருவார்.

அப்பாவோடு வாழ் என்று நான் சொல்லவில்லை. வேண்டாமென்றால் வேண்டாம் என்றே சொல். ஆனால் அது உன் பேச்சாக இருக்கட்டும்.

அப்பா என்னோடு பேசுவதில்லை, சோறும் தனித்தனி. கொஞ்சம் கேழ்வரகு மாவும், போர்த்திக்கொள்ள உன் பழைய சேலை ஒன்றும் உபதேசியாரிடம் கொடுத்தனுப்பு. சங்கு ஊதிவிட்டது, வேலைக்கு ஓட வேண்டும்.

இந்தக் கடிதம் யாரும் சொல்லி எழுதியதல்ல.

செல்லன்