தொண்ணூற்றெட்டாம் லாட்டில் தாத்தா

அன்பு மகனுக்கு,

உன் அம்மா எழுதுகிறேன். இங்கே நான் நலம், அப்பா நலம், அவருடைய முழங்கால் மட்டும் அவ்வளவு நலமில்லை. அங்கே நீயும் மருமகளும் பேத்தியும் நலமாக இருப்பீர்கள் என்று நானே வைத்துக்கொண்டு மேலே எழுதுகிறேன், எப்படியும் நீ “நல்லா இருக்கேம்மா” என்றுதான் சொல்லப்போகிறாய். ஃபோன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று கேட்பாய். ஃபோனில் நான் முக்கியமான இடத்துக்கு வரும்போதெல்லாம் உனக்கு வேறொரு அழைப்பு வந்துவிடுகிறது. கடிதத்துக்கு அந்த வியாதி கிடையாது. ஆகவே கையில் இருக்கிற வேலையை வைத்துவிட்டு உட்கார்ந்து முழுசாகப் படி. இதில் என்னுடைய வாக்குமூலம் ஒன்று இருக்கிறது, உன்மேல் ஒரு குற்றச்சாட்டும் இருக்கிறது. அதற்கு முன்னால் ஒரு நல்ல செய்தி, உன் அக்கா மூன்றாவது தடவையில் டிரைவிங் லைசென்ஸ் வாங்கிவிட்டாள், தேர்வு வைத்தவர் இனி அவளோடு வண்டியில் ஏற வேண்டாம் என்ற சந்தோஷத்தில் கொடுத்தார் என்பது அப்பாவின் கட்சி.

நான் ஏலக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருஷம் ஆகப்போகிறது. விற்பனைக்கு வரும் பழைய கடிகாரம், பீங்கான் ஜாடி, படம் ஒவ்வொன்றையும் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்து, எங்கே விரிசல், எங்கே ஒட்டு என்று ஒரு சீட்டில் எழுத வேண்டும், அது அப்படியே விற்பனைப் பட்டியலில் லாட் என்கிற வரிசை எண்ணோடு அச்சாகும். ஏலம் முடிந்ததும் வாங்கியவர் விலாசம் பார்த்துப் பத்திரமாகக் கட்டி அனுப்புவதும் நான்தான். குறை கண்டுபிடிக்கச் சம்பளம் தருகிறார்கள் என்று முதல் நாள் வந்து சொன்னபோது அப்பா, “இத்தனை வருஷமா வீட்ல இலவசமா செஞ்சியே” என்றார், ஃபோனில் சொன்னேனே, நினைவிருக்கிறதா. எங்கள் ஏலக்காரரை எல்லோரும் சுத்தியல் என்றுதான் சொல்வோம், மேஜையில் தட்டித் தட்டி வீட்டில் சாப்பாட்டு மேஜையையும் தட்டித்தான் குழம்பு கேட்பாராம். அவருக்குப் பட்டியலில் ஒரு கட்டம் காலியாக இருக்கக் கூடாது. இந்தத் தடவை கடிகாரம் நாற்பது, பீங்கான் நாற்பத்தாறு, மனிதர்களின் ஓவியம் மட்டும் பதினொன்று. பன்னிரண்டு இருந்தால்தான் கடைசிப் பக்கம் நிறையும். “ஒரு கட்டம் காலியா நின்னா பல்லு விழுந்த வாய் மாதிரி இருக்கும்மா, எங்கேயாவது ஒரு மூஞ்சி புடிச்சுக் குடுங்க” என்று என் பின்னாலேயே சுற்றினார்.

இப்போது வாக்குமூலம். உன் தாத்தா படத்தை நான் கொடுத்துவிட்டேன். கோபப்படாதே, கோபப்படுவதற்கான இடம் பின்னால் வருகிறது. உன் தாத்தா எடை அளவு ஆய்வாளராக இருந்தவர், அவர் தெருமுனையில் திரும்பினாலே கடைத்தராசெல்லாம் நேராகிவிடும் என்பார்கள். ஓய்வு பெற்ற அன்று அலுவலகத்தில் சேர்ந்து பணம் போட்டு ஓர் ஓவியரிடம் படம் வரையக் கொடுத்தார்கள், கொடுத்தது அடையாள அட்டையில் இருந்த கழுத்து வரைக்குமான புகைப்படம். மீதி உடம்பை ஓவியர் கற்பனையில் போட்டார், கைக்குத் தன் மனைவியை உட்காரவைத்து வரைந்தார். மேலே முறைப்பு, கீழே பூத்தொடுக்கிற விரல். அந்தப் படம் சாப்பாட்டு மேஜைக்கு நேர் எதிரே இருபத்தாறு வருஷம் தொங்கியது. நான் டீயில் இரண்டாவது ஸ்பூன் சர்க்கரை போடும்போதெல்லாம் அவர் அளந்து பார்த்தார். போன மாதம் சுவருக்கு வெள்ளையடிக்கப் படத்தை இறக்கினோம், திரும்ப மாட்ட எனக்குக் கை வரவில்லை. சுத்தியல் கேட்ட நேரம், என் வாயும் சும்மா இருக்கவில்லை, எங்கள் வீட்டில் ஒன்று இருக்கிறது என்றுவிட்டேன். அப்பாவிடம் தூசி தட்டி வார்னிஷ் அடிக்கக் கொடுத்திருப்பதாகச் சொன்னேன். சீட்டில் என்ன எழுதினேன் என்றால், பெயர் குறிப்பிடாத பெரியவர், எண்ணெய் வண்ணம், சட்டம் நல்ல நிலையில், பார்வை கடுமை, கைகள் வேறொருவருடையவை. வேலையில் பொய் எழுத மாட்டேன், வீட்டில்தான் எழுதுவேன்.

முதல் மூன்று நாள் வீட்டில் கொண்டாட்டம்தான். அப்பா எதிர் நாற்காலியில் காலைத் தூக்கிப் போட்டுக்கொண்டு சாப்பிட்டார், அவருடைய அறுபத்திரண்டு வயதில் முதல் தடவை. நான் மூன்று ஸ்பூன் போட்டேன். நாலாவது நாள் காலையில் அப்பா டீயைக் கையில் வைத்துக்கொண்டு வெள்ளைச் சுவரையே பார்த்தபடி, “வார்னிஷ் எப்ப காயும்?” என்றார். ஐந்தாவது நாள், “மழைக்காலம், காயறதுக்கு லேட்டாகும்ல?” என்று அவரே எனக்காகக் காரணமும் சொன்னார். ஆறாவது நாள் காலைக் கீழே போட்டுக்கொண்டு சாப்பிட்டார். நேரே சுத்தியலிடம் போய்ப் படத்தைத் திருப்பிக் கொடுங்கள் என்றேன். “அச்சானது ஆனதுதாம்மா” என்றார். சரி, நானே ஏலத்தில் கேட்டு எடுத்துக்கொள்கிறேன் என்றால், “விக்கிறவங்க தன் பொருளைத் தானே கேக்கக் கூடாது, கை தூக்குனீங்கன்னா படமும் போகும் வேலையும் போகும்” என்று விதிப்புத்தகத்தைக் காட்டினார். உன் அக்காவை அனுப்பிக் கேட்கச் சொல்லலாம் என்றால் அவள் வாயில் எந்த ரகசியம் தங்கியிருக்கிறது, காரை நிறுத்துவதற்குள் அப்பாவுக்கு விஷயம் போய்விடும். தன் வினை தன்னைச் சுடும் என்று வாயை மூடிக்கொண்டு காத்திருந்தேன்.

ஏலத்தன்று கூடம் நிறைந்துவிட்டது. முதலில் கடிகாரங்கள். அதில் ஒரு வேடிக்கை கேள். உயரமான நிலைக்கடிகாரம் ஒன்றை மேடைக்குக் கொண்டுவந்த நேரம் பார்த்து அது பதினொன்று அடித்தது. முன்வரிசையில் இருந்த பல் டாக்டர் சரியாக அடிக்கிறதா என்று ஒவ்வோர் அடிக்கும் தலையாட்டி எண்ணிக்கொண்டிருந்தார். சுத்தியல் அந்தப் பதினொரு தலையாட்டலையும் பதினொரு விலைக் கேள்வியாக எடுத்துக்கொண்டு விலையை ஏற்றிக்கொண்டே போய் டட்டென்று தட்டிவிட்டார். டாக்டர் எழுந்து நின்று, “நான் எண்ணத்தானேய்யா செஞ்சேன்” என்கிறார், கூடமே கைதட்டுகிறது, வெட்கத்தில் அவரும் வாங்கிக்கொண்டார். இனி மணி அடிக்கிற கடிகாரங்களைப் பன்னிரண்டு மணிக்குத்தான் ஏலம் விட வேண்டும் என்று இப்போது பேசிக்கொள்கிறோம். அதற்குப் பிறகு பீங்கான். ஒரு ஜோடி அன்னப்பறவைக்கு நான் எழுதிய “ஒரு கழுத்து ஒட்டப்பட்டது, மற்றது ஒட்டப்பட வேண்டியது” என்ற வரியைச் சுத்தியல் உரக்கப் படித்தார், அதற்கே இரண்டு பேர் சண்டை போட்டு வாங்கினார்கள்.

கடைசியாகத் தாத்தா வந்தார். மேடையில் தூக்கி வைத்ததும் யாரோ ஒருத்தர் அந்தக் கையைப் பார்த்துச் சிரித்தார், அது வரிசை வரிசையாகப் பரவியது. “மூஞ்சி போலீசு, கை பொம்பளை” என்று பின்னாலிருந்து ஒரு குரல். சுத்தியல் தொடக்க விலை சொன்னார், ஒருத்தரும் அசையவில்லை, இறக்கினார், இன்னும் இறக்கினார். கடைசியில் கண்ணாடிக் கடைக்காரர் கை தூக்கினார், பக்கத்தில் இருந்தவரிடம் “சட்டத்துக்காக எடுக்கறேன், கெழவரை உருவிட்டுக் கண்ணாடி போட்டா கல்யாண மண்டபத்துக்கு ஆகும்” என்கிறார். மகனே, எனக்கு அப்போது வந்த கோபத்தை எந்தச் சீட்டிலும் எழுத முடியாது. அவரைப் பார்த்துச் சிரிக்க இவர்கள் யார், சிரிக்க வேண்டுமானால் நான் சிரிப்பேன், முப்பத்தைந்து வருஷம் மருமகளாக இருந்தவள். உன்னிடம் நான் சொல்லாத ஒன்று இருக்கிறது. கல்யாணமான புதிதில் உன் பாட்டி பொத்திப் பொத்தி வைத்திருந்த நீலப் பூஜாடியை நான் துடைக்கப் போய் உடைத்துவிட்டேன். முந்தானையை விரித்துப் பொறுக்கிக்கொண்டிருக்கிறேன், உன் தாத்தா வந்து சில்லுகளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பாட்டி ஓடிவந்ததும் “என் கை பட்டுடுச்சு” என்றார். நிஜக் கை, தடித்தது, ஒரு விரலின் நுனி தராசுத் தட்டில் நசுங்கிப்போனது. அதற்குப் பிறகு சாகும்வரை அதைப்பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை, முறைப்பதையும் நிறுத்தவில்லை. அந்த மனுஷரை உருவிப் போட்டுவிட்டுக் கண்ணாடி மாட்டப்போகிறார்கள், நானோ கை தூக்கிவிடக் கூடாதென்று இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து அதன் மேலேயே உட்கார்ந்திருக்கிறேன். “ஒரு தரம்” என்றார் சுத்தியல். “ரெண்டு தரம்” என்றார்.

அப்போதுதான் கம்ப்யூட்டரில் வெளியூர்க்காரர்களின் விலைக் கேள்விகளைப் பார்க்கிற பெண் கை தூக்கி, “இணையத்துல இருபத்தேழாம் நம்பர்” என்றாள். கண்ணாடிக் கடைக்காரர் ஏற்றினார், இருபத்தேழு ஏற்றியது. அவர் மறுபடி ஏற்றினார், இருபத்தேழு ஒரே தாவலில் இருபது மடங்கு ஏற்றியது. அவர் சட்டத்தையும் படத்தையும் ஒரு தடவை பார்த்துவிட்டுக் கையை விரித்தார். மூன்று தரம், டட். தாத்தா இருபத்தேழாம் நம்பருக்குப் போனார். கண்ணாடியாகாமல் தப்பித்தார் என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது, அன்னப்பறவையைத் துடைக்கிற சாக்கில் முகத்தையும் துடைத்துக்கொண்டேன். யாரோ புண்ணியவான், எங்கேயோ நன்றாக இருக்கட்டும் என்று மனதார வாழ்த்தினேன்.

மறுநாள் காலையில் கட்டி அனுப்ப வேண்டிய விலாசச் சீட்டுகள் என் மேஜைக்கு வந்தன. தொண்ணூற்றெட்டாம் லாட்டின் சீட்டைக் கையில் எடுத்தேன். அந்தத் தெரு, அந்த மூன்றாவது மாடி, அந்தக் கதவு எண், மாதாமாதம் உனக்குப் பொடி கட்டி அனுப்பும் பார்சல்மேல் நான் எழுதுகிற விலாசம். அட திருடா. ஒவ்வோர் ஏலத்துக்கும் என் எழுத்தைப் பார் என்று பட்டியலை உனக்கு ஃபோனில் அனுப்புகிறேன், நீ ஒரு கட்டைவிரல் படத்தைப் பதிலாகப் போடுவாய், திறந்துகூடப் பார்த்திருக்க மாட்டான் என்று அப்பாவிடம் எத்தனை தடவை குறைபட்டிருக்கிறேன். இந்தத் தடவை உள்ளே தாத்தா இருக்கிறார் என்ற நினைப்பே இல்லாமல் பழக்கத்தில் அனுப்பிவிட்டேன். நீ கடைசிப் பக்கம் கடைசிக் கட்டம் வரை படித்திருக்கிறாய். அப்படியென்றால் எல்லாவற்றையும் படித்துக்கொண்டுதான் இருந்திருக்கிறாய். இதுதான் உன்மேல் குற்றச்சாட்டு, இதை எனக்குச் சொல்லாமல் இருந்தது. அம்மாவிடம் ஒரு வார்த்தை “என்னம்மா இது” என்று கேட்காமல் பணத்தைக் கட்டியது இரண்டாவது. எனக்கு வெட்கமாக இருக்கட்டும் என்றா, வெட்கமாக இருக்கக் கூடாது என்றா, தெரியவில்லை. இரண்டும் சேர்ந்துதான் இருக்கிறது.

இனி நடக்கப்போவதைக் கேள். வெளிநாட்டுக்குப் பொருளை அனுப்ப வேண்டுமானால் வாங்கியவர் கையெழுத்துப் போட்ட படிவம் வேண்டும், அந்தப் படிவத்தை உனக்கு அனுப்புவது என் வேலை. நான் அனுப்பவில்லை, அனுப்பவும் மாட்டேன். கையெழுத்து இல்லாமல் தாத்தா கூடத்தின் சேமிப்பறையை விட்டு அசைய முடியாது, விதிப்படி மூன்று மாதம் அங்கேதான் இருப்பார், போகும்போதும் வரும்போதும் அவரைத் துடைத்து வைக்கிறேன், கவலைப்படாதே. உலகத்தில் உள்ள எல்லோருக்கும் பெட்டி கட்டுகிறவள் இந்த ஒரு லாட்டைக் கட்டப்போவதில்லை. நேரில் வந்து கையெழுத்துப் போட்டு நீயே தூக்கிக்கொண்டு வந்து சுவரில் மாட்டு. நீ இந்த வீட்டுப் படியேறி நாலு வருஷமாகிறது. பேத்தியை நான் கண்ணாடித் திரைக்குள்தான் பார்த்திருக்கிறேன், அவள் எவ்வளவு கனம் என்று எனக்குத் தெரியாது. அப்பா தினமும் காலையில் வார்னிஷ் காய்ந்ததா என்று கேட்கிறார், நான் காய்கிறது என்கிறேன், அவர் சரி என்கிறார். அவருக்கு எல்லாம் தெரியும் என்று சில நாள் தோன்றுகிறது. இருவருக்குமே உன்னைப் பார்க்க வேண்டும், அவர் கேட்க மாட்டார், நான் கேட்கிறேன்.

நீயும் மருமகளும் குழந்தையும் நோய்நொடி இல்லாமல், குறைவில்லாமல், ஒருவருக்கொருவர் துணையாக நீடூழி வாழ வேண்டும். வேளைக்குச் சாப்பிடு, நின்றுகொண்டு சாப்பிடாதே, குழந்தையைத் திட்டாதே. மறந்துவிடாமல் ஒன்று: நீ தாத்தாவுக்காகக் கட்டிய பணம், ஏலக்கூடத்தின் கமிஷன் போக, விற்றவள் என்ற முறையில் என் கைக்கு வந்து சேர்ந்துவிட்டது. கணக்குப் பார்த்தேன், உங்கள் மூன்று பேருக்கும் இங்கே வருகிற டிக்கெட்டுக்குச் சரியாக இருக்கிறது. திரும்பிப் போகிற டிக்கெட்டுக்கு இல்லை, அதற்கு நான் என்ன செய்ய முடியும்.

என்றும் உன் நினைவாகவே இருக்கும்,
அம்மா