இருபத்திரண்டு விரிப்புகளைத் துவைக்காமல் வைக்க வேண்டி

அனுப்புநர்:
மகளிர் சலவைக் குழுத் தலைவி,
தண்ணீர்த் தொட்டிக்கு எதிர்ச் சந்து.

பெறுநர்:
உயர்திரு கண்காணிப்பாளர் அவர்கள்,
அரசு பொது மருத்துவமனை.

பொருள்: சலவை ஒப்பந்தம் ரத்தானது – சரக்கறையில் உள்ள படுக்கை விரிப்புகளை விசாரணைவரை அப்படியே வைப்பது – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

கடவுள் புண்ணியத்தில் தாங்களும் குடும்பமும் நலமாக இருக்க வேண்டும்.

1. நாங்கள் பதினொரு பெண்கள், ஆறு வருடமாக உங்கள் பழைய கட்டடத்துப் படுக்கை விரிப்புகளைத் துவைத்துத் தருகிறோம். பிள்ளை பெற்றவள் படுக்கிற துணி என்று, சாமியைக் கும்பிட்டுவிட்டுத்தான் தண்ணீரில் கை வைப்போம். போன மாதம், இருபத்தைந்து விரிப்புகள் கறையோடு வந்தன என்று ஒப்பந்தத்தை ரத்து செய்து கடிதம் வந்தது. கூடவே மாதிரிக்கு மூன்று விரிப்புகள். ரத்தை எதிர்த்து வழக்குப் போட்டிருக்கிறோம்.

2. என் தவறை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். அந்தக் கறையைப் பார்த்துக்கொண்டு என்னால் சும்மா இருக்க முடியவில்லை. மூன்றையும் ஊறவைத்து, வெளுத்து, இஸ்திரி போட்டு எங்கள் வக்கீலிடம் பெருமையாகக் கொடுத்தேன். வக்கீல் என் அண்ணன் மகள்தான். கறுப்புக் கோட்டு போட்டு எட்டு மாதம் ஆகிறது. அரசு ஒப்பந்த வழக்கு அவளுக்கு இதுதான் முதல். தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டாள். "அத்தை, அது சாட்சி. கேஸ் முடியிற வரைக்கும் உங்க புடவையைத் தவிர எதையும் துவைக்காதீங்க" என்றாள்.

3. திட்டி முடித்தவள் துணியை விரித்து மூலை மூலையாகப் பார்த்தாள். "உங்க நூல் எங்க அத்தை?" என்றாள். வார்டு மாறிவிடாமல் இருக்க, எங்களிடம் வரும் ஒவ்வொரு விரிப்பின் மூலையிலும் நிற நூலால் நாலு தையல் போடுவோம். பிரசவ வார்டுக்குப் பச்சை, குழந்தைகள் வார்டுக்கு மஞ்சள். அதைப் பார்த்துத்தான் உங்கள் செவிலியர்கள் அடுக்குகிறார்கள். இந்த மூன்றிலும் நூல் இல்லை. ஊசி குத்திய தடமும் இல்லை. புதுக் கட்டடத்துத் துணியை வேறொருவர் துவைக்கிறார். அவர்மேல் பழி போட நான் வரவில்லை.

4. துவைத்த துணியைக் காட்டினால், நூலை நானே பிரித்தேன் என்பீர்கள், அதுவும் நியாயம்தான். மீதி இருபத்திரண்டும் உங்கள் சரக்கறையில் மூட்டையாக இருக்கின்றன. வியாழக்கிழமை அவை சலவைக்குப் போவதாகக் காவலாளி சொன்னார். வெள்ளிக்கிழமைதான் விசாரணை. சட்டப் பிரிவுகளோடு அவள் எழுதிய கடிதத்தை இணைத்திருக்கிறேன். என்னைச் சுருக்கமாக எழுதச் சொன்னாள், முயன்றிருக்கிறேன்.

ஆகவே ஐயா, விசாரணை முடியும்வரை அவற்றைத் துவைக்க அனுப்பாதீர்கள்; வியாழனுக்கு முன் இரு தரப்பையும் அழைத்து அந்த மூட்டையைப் பிரித்துப் பாருங்கள். ஒரே ஒரு மூலையில் எங்கள் நூல் இருந்தாலும், அங்கேயே கையெழுத்துப் போட்டு ஒதுங்கிக்கொள்கிறோம். இல்லையென்றால் ரத்துக் கடிதத்தைத் திரும்பப் பெற்றுக்கொள்ளுங்கள். மறுநாள் விடியும்போது அடுப்பில் வெந்நீர் கொதிக்கும்; உங்கள் வண்டிக்காகப் பதினொரு பேரும் வாசலில் நிற்போம்.

நாள்: 9-ஆம் தேதி, திங்கட்கிழமை
இடம்: சலவைக்கூடம்

தங்கள் நல்ல பதிலை நம்பி,
(கையொப்பம்)
குழுத் தலைவி