நத்தை ரத்தத்தில் இன்சுலின்

3 ஆகஸ்ட் 1983, புதன்

இன்றும் வந்திருக்கிறது. நத்தை ரத்தத்தில் இன்சுலின். முதுகெலும்பே இல்லாத பிராணிக்கு அது எதற்கு? என் ஆராய்ச்சி கைடு தட்சிணாமூர்த்தி சார் முடிவுத் தாளைப் பார்த்ததும் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். "வைதேஹி, முதுகெலும்பு வரதுக்கு முன்னாடியே இந்த ஹார்மோன் வந்தாச்சுன்னா, பாடபுஸ்தகத்தையே மாத்தணும்மா." ஆய்வுச் சுருக்கத்தை பம்பாய் மாநாட்டுக்கு அனுப்புகிறாராம். என் பெயர் முதலில்.

பஸ்ஸில் இறங்க வேண்டிய சரோஜினி நகரைத் தாண்டிப் போய்விட்டேன்.

6 ஆகஸ்ட்

அப்பா தன் ஆபீஸ் முழுக்கச் சொல்லியாயிற்று. வெட்கமாக இருக்கிறது. பிடித்தும் இருக்கிறது.

11 ஆகஸ்ட்

காலையில் அப்பாவுக்கு இன்சுலின் போட மருந்தை இழுத்துக்கொண்டிருந்தேன். "இதுல கோடே சரியா தெரியலைடி. அந்தப் பழைய சிரிஞ்ச் எங்க?"

லேபில் என்று சொல்ல வாயெடுத்தேன்.

ஜூனில் லேப் சிரிஞ்ச் உடைந்தது. புதிது கேட்டு இண்டெண்ட் எழுதிப் போட்டால் தீபாவளிக்குத்தான் வரும். வீட்டில் இருந்ததைக் கொதிக்க வைத்து எடுத்துப்போனேன், நத்தையிடம் ரத்தம் எடுக்க. கொதித்தால் கிருமி சாகும், சரி. கண்ணாடியில் ஒட்டின இன்சுலின்? ஒட்டும் என்று எனக்கே தெரியும். எத்தனை வருஷமாக அப்பாவின் மருந்து அதில்... எனக்கு மூளை எங்கே போச்சு?

12 ஆகஸ்ட்

அதே சிரிஞ்சில் வெறும் உப்புத் தண்ணீரை இழுத்துப் பரிசோதனைக்கு வைத்தேன். சாரிடம் சொல்லவில்லை.

16 ஆகஸ்ட்

உப்புத் தண்ணீரிலும் இன்சுலின்.

பாத்ரூமில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

17 ஆகஸ்ட்

சொல்லிவிட்டேன். சார் பேனாவை மூடித் திறந்து, மூடித் திறந்து... "யாருக்கும்மா தெரியப்போறது?"

"எனக்குத் தெரியுமே சார்." என் குரலா அது? பயமா, கோபமா, தெரியவில்லை.

"சரி, வாபஸ்னு தந்தி கொடுத்துடு" என்றார், ஜன்னலைப் பார்த்துக்கொண்டு.

29 ஆகஸ்ட்

மார்க்கெட்டில் வாங்கின புது சிரிஞ்ச், புது நத்தைகள். இன்று முடிவு வந்தது. ஏதோ ஒரு துளி இன்சுலின். கருவியின் தடுமாற்றமாகவும் இருக்கலாம், நிஜமாகவும் இருக்கலாம். "இல்லைன்னு எழுதி முடிச்சுடு" என்றார் சார். "தெரியவில்லை" என்று எழுதினேன். அவர் அதை அடித்துத் திருத்தவில்லை.

30 ஆகஸ்ட்

காலையில் அப்பா கேட்டார். "ஆபீஸ்ல எல்லாரும் கேக்கறா. நத்தைக்கு உண்டா, இல்லையா?"

"நான் பாத்தது உங்க மருந்துப்பா. நத்தைக்கு உண்டான்னு இனிமேதான் பாக்கணும்."

அப்பா சட்டைக் கையை மடக்கி, ஊசிக்குத் தோளைக் காட்டினார்.