இருந்து பார்த்த கோல்

அப்பா,

போன சனிக்கிழமை கிளிநொச்சியில் ஒரு பாடசாலை உதைபந்தாட்ட இறுதிப் போட்டிக்கு என்னை அழைத்திருந்தார்கள். விருந்தினர் வரிசையில் சிவப்புப் பிளாஸ்டிக் கதிரை. ஆட்டம் முடியப் போகும் நேரத்தில் ஒரு கோல் விழுந்தது. என் இரண்டு பக்கமும் பின்னாலும் இருந்த கதிரைகள் எல்லாம் ஒரே நேரத்தில் சிமெந்துத் தரையில் கிறீச்சிட்டன. எல்லோரும் எழும்பிவிட்டார்கள். நான் எழும்பவில்லை. இரண்டு கைகளாலும் கதிரையின் விளிம்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டு இருந்தேன். பக்கத்தில் நின்ற இளம் ஆசிரியை குனிந்து, "மிஸ் மற்றப் பக்கத்துக்கோ சப்போட்?" என்று கேட்டார். ஓம் என்று தலையாட்டினேன். விளக்கம் சொல்வதைவிட அது இலகு.

இறந்தவர்களுக்கு மடல் எழுதுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. நீங்கள் இதை வாசிக்கப் போவதில்லை. ஆனாலும் அன்று பின்னேரம் வீட்டில் தேநீர் ஊற்றிக்கொண்டு நிற்கும்போது அந்தக் கோலை யாருக்கோ மனதுக்குள் சொல்லிக்கொண்டிருந்தேன். 'இடது கரையாலை போறார், உள்ளுக்கு வெட்டுறார், அடிக்கிறார்.' பதினாறு வயதுப் பையனுக்கு இவ்வளவு மரியாதை ஏன் என்று உங்களைத் தவிர வேறு யாருக்கும் விளங்காது. அதனால்தான் எழுதுகிறேன்.

சண்டையால் பரந்தனை விட்டு வந்து விசுவமடுப் பக்கம் ஒரு உறவினரின் காணியில் கொட்டில் போட்டு இருந்தோமே, அந்தக் காலம். எனக்குப் பல்கலைக்கழகம் கிடைத்தும் யாழ்ப்பாணம் போக வழியில்லாமல் அந்த ஊர்ப் பள்ளிக்கூடத்தில் சம்பளமில்லாத ஆசிரியையாக இருந்தேன். தம்பி அந்த ஊர்க் கழகத்தில் பந்தடித்தான். உங்களுக்கு அது போதுமாயிருந்தது. வீடு போனதைப் பற்றி நீங்கள் கதைத்ததைவிட, தம்பிக்குப் பந்தடிக்க இடது கால் வராதே என்று கதைத்தது அதிகம்.

முதல் ஆட்டத்திலேயே பிரச்சினை வந்தது. எங்கள் பக்கம் ஒரு கோல் போட்டதும் சனம் முழுக்க எழும்பிக் கத்தியது. மைதானத்துக்குப் பின்னால் குடியிருந்தவர்களுக்குப் பந்தும் தெரியாது, கோலும் தெரியாது. வேலிக்கு மேலால் அவர்கள் கண்டது சனம் எழும்புவதையும் கத்துவதையும் மட்டும்தான். கிபிர் விமானம் குண்டு போட வருகிறது என்று நினைத்துப் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு பங்கருக்குள் இறங்கிவிட்டார்கள். புகை தெரியக்கூடாது என்று ஒரு பெண் அடுப்பில் தண்ணீரை ஊற்றிவிட்டே ஓடியிருக்கிறார். பிறகு அவர் பாதி வெந்த சோற்றுப் பானையோடு மைதானத்துக்கு வந்து நின்றது எனக்கு இன்னும் கண்ணுக்குள் இருக்கிறது. "உங்கடை கோலுக்கு என்ரை அடுப்பு நூந்து போச்சு. இப்ப பிள்ளையளுக்கு என்னத்தைக் குடுக்கிறது? பந்தையோ?"

கழகத் தலைவர் மணியண்ணை கூட்டம் வைத்தார். பந்தடியை நிறுத்த யாருக்கும் மனமில்லை. ஆகவே ஒரு ஒழுங்கு செய்தார்கள். பார்க்கிறவர்கள் எல்லோரும் நிலத்தில் குந்தி இருந்துதான் பார்க்க வேண்டும். என்ன நடந்தாலும் எழும்பக்கூடாது. கத்தக்கூடாது, கத்தினால் கிபிரின் இரைச்சல் கேட்காது. ஒரே ஒருவர் மட்டும் மைதானத்துக்கு முதுகைக் காட்டி நின்று வானத்தைப் பார்க்க வேண்டும். அவர் பாலை மரத்தில் தொங்கும் தண்டவாளத் துண்டை அடித்தால் எல்லோரும் பங்கருக்கு ஓட வேண்டும், அல்லது நின்ற இடத்தில் விழுந்து படுக்க வேண்டும்.

ஆண்களுக்குக் கோபம். "இருந்து பாக்கிறதுக்கு இதென்ன கலியாண வீடே?" என்று ஒருவர் கேட்டார்.

"நிண்டு பாக்க ஆசையெண்டால் பங்கருக்கை இறங்கி நிண்டு பார்," என்றார் மணியண்ணை. "சரி, வானம் பாக்கிறது ஆர்?"

எல்லோரும் தங்கள் காலைப் பார்த்தார்கள். நீங்கள் கையை உயர்த்தினீர்கள்.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அம்மா ஏசினார். "உங்களுக்கு விசரே? பந்தெண்டால் சோறு வேண்டாமெண்ட மனிசன், முதுகைக் காட்டிக்கொண்டு நிக்கப் போறியளோ?"

"இஞ்சேர், என்ரை பிள்ளை விளையாடேக்கை வானத்தை வேறை ஆரிட்டைக் குடுக்கிறது?" என்றீர்கள்.

எனக்குப் பந்தடி பிடிக்காது என்று உங்களுக்குத் தெரியும். இருபத்திரண்டு பேர் ஒரு பந்தின் பின்னால் ஓடுவதில் என்ன இருக்கிறது என்று உங்களிடமே கேட்டிருக்கிறேன். ஆனால் நீங்கள் இரும்புக் கம்பியும் கையுமாகப் பாலை மரத்தடியில் நின்று, கழுத்தை அண்ணாந்துகொண்டு, பின்னால் பந்து உதைபடும் சத்தத்துக்கெல்லாம் தோளை அசைப்பதைப் பார்க்கச் சகிக்கவில்லை. உங்கள் காலடியில் பாயைப் போட்டு மைதானத்தைப் பார்த்தபடி இருந்துகொண்டேன். நீங்கள் ஒரு திசை, நான் மறு திசை. ஆட்டத்தை நான் சொல்ல, நீங்கள் வானத்தைப் பார்த்துக்கொண்டு கேட்டீர்கள்.

நன்றாகச் சொல்ல எனக்கு வரவில்லை. "ஒராள் அடிச்சார், மற்றாள் மறிச்சார்" என்பேன். "ஆர் அந்த ஒராள்? பேரைச் சொல்லு பிள்ளை!" என்று பல்லைக் கடிப்பீர்கள். நடுவருக்கு நீங்கள் ஏசியது முழுவதும் வானத்தைப் பார்த்துத்தான். தெரியாதவர்கள் கண்டால் கடவுளோடு சண்டை என்று நினைத்திருப்பார்கள்.

ஒரு நாள் வாய் தவறி, "தம்பி வாறான்!" என்றேன். நீங்கள் கம்பியை ஓங்கிவிட்டீர்கள். எங்கள் பக்கத்தில் கிபிரை யாரும் 'வருகிறது' என்று சொல்வதில்லை. 'வாறான்' என்றுதான் சொல்வார்கள். ஏதோ எங்களை அறிந்த ஒருவன் படலையைத் திறந்துகொண்டு வருவதுபோல. அன்றிலிருந்து அந்தச் சொல்லை மைதானத்தில் தடை செய்தீர்கள். "விளையாடுறவையை எல்லாம் 'வாறார்' எண்டு சொல்லு. அவன் ஒருத்தன்தான் 'வாறான்'." மணியண்ணை இதைக் கேட்டுவிட்டுச் சனம் முழுவதுக்கும் சட்டமாக்கிவிட்டார். அதன் பிறகு எங்கள் மைதானத்தைப்போல மரியாதையான மைதானம் இலங்கையில் இருந்திருக்காது. "பின்னாலை வாறார், கவனம்!" என்று இருந்த இடத்தில் இருந்து கிசுகிசுப்பார்கள். கோல் விழுந்தால் தொடையில் அடிப்பார்கள், மண்ணை அள்ளி எறிவார்கள், ஒருவர் சால்வையை வாய்க்குள் திணித்துக்கொண்டு கண்ணீர் விடுவார். ஒருவரும் எழும்பமாட்டார்கள். தம்பி இப்போது கனடாவில் வயிறும் வைத்துக்கொண்டு தலையில் முடியும் இல்லாமல் இருக்கிறார். பாருங்கள், அவரை இன்னும் 'அவன்' என்று எழுதக் கை சில வேளை தயங்குகிறது.

அவன் ஊரை விட்டுப் போவதற்கு முதல் நாள் ஆட்டத்தைச் சொல்ல வேண்டும். மாமா வவுனியாவிலிருந்து யார் யாரையோ பிடித்து, தம்பிக்கு வன்னியை விட்டு வெளியே போக அனுமதிப் பாஸ் எடுத்திருந்தார். அந்த நாளில் அந்த வயதுப் பையனுக்கு அது கிடைத்தால் பெற்றவர்கள் சந்தோஷப்படுவதா அழுவதா என்று தெரியாமல் நிற்பார்கள். விடிந்தால் பயணம். பின்னேரம் நெடுங்கேணியிலிருந்து இடம்பெயர்ந்து வந்தவர்களின் அணியோடு ஆட்டம். தம்பி அந்தக் கழகத்துக்கு ஆடிய அத்தனை ஆட்டங்களிலும் நீங்கள் மைதானத்தில் நின்றிருக்கிறீர்கள். முதல் ஆட்டத்துக்குப் பிறகு ஒன்றையும் பார்த்ததில்லை.

மணியண்ணை வந்து கம்பியைக் கேட்டார். "ஐயா, இண்டைக்கு நான் நிக்கிறன். நீங்கள் திரும்பி இருந்து பாருங்கோ."

"உன்னை எனக்குத் தெரியும். கோல் விழுந்தால் நீ திரும்புவாய்."

"சத்தியமாத் திரும்பமாட்டன்."

"அப்ப உனக்குப் பந்தடியிலை ஆசையில்லை. ஆசையில்லாதவனிட்டை இதைக் குடுக்கேலாது," என்று கம்பியைக் கக்கத்தில் வைத்துக்கொண்டீர்கள். உங்களோடு வாதிட முடியாது.

ஆட்டம் முடியப் போகும்வரை கோல் இல்லை. கடைசி நேரத்தில் பந்து தம்பியிடம் வந்தது. "தம்பி வாறார்," என்றேன்.

"தனியவோ?"

"ஒராள் பக்கத்திலை. கடந்திட்டார். இனிக் கோலியும் அவரும்தான். அப்பா, தம்பி..."

அந்த இடத்தில் எனக்கு முன்னால் இருந்தவர்கள் எழும்பிவிட்டார்கள். அத்தனை நாள் கட்டுப்பட்டிருந்த சனம் அன்று தன்னை மறந்துவிட்டது. ஆனால் கத்தாமல் இருந்த பழக்கம் மட்டும் விடவில்லை. சத்தமே இல்லாமல் எல்லோரும் எழும்பினார்கள். எனக்கு முதுகுகளைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. பேச்சை நிறுத்தினேன்.

உங்களுக்குக் கேட்டது அவ்வளவும்தான். மகள் பாதியில் நிறுத்தினாள், சனம் பேசாமல் எழும்பியது. 'வானத்தில் ஏதோ இருக்கிறது, நான் கவனிக்காமல் விட்டுவிட்டேன்' என்று நினைத்திருக்கிறீர்கள். தண்டவாளத்தில் நீங்கள் அடித்த அடியில் பாலை மரத்துக் காகங்கள் எல்லாம் கிளம்பின. "விழுந்து படுங்கோ!"

எழும்பிய சனம் அப்படியே விழுந்தது. கிட்ட இருந்தவர்கள் பங்கருக்குள் குதித்தார்கள். நடுவர் விசிலை வாயில் வைத்தபடி குப்புறப் படுத்தார். நீங்கள் மட்டும் நின்று, ஒரு வட்டமாகச் சுற்றிச் சுற்றி வானத்தைத் தேடினீர்கள். "எங்கை? எங்கை?"

நான் உங்கள் காலடியில் கிடந்துகொண்டு, "அப்பா, கோலாக்கும்," என்றேன்.

"என்ன?"

பங்கருக்குள் இருந்து மணியண்ணையின் குரல் வந்தது. "ஐயா, அது கிபிர் இல்லை, உங்கடை மோன்!"

முதலில் யார் சிரித்தார்கள் என்று தெரியாது. பிறகு மைதானம் முழுக்கச் சிரித்தது. கிடந்தபடியே, வாய் விட்டு, வேலிக்குப் பின்னால் இருந்தவர்களும் பங்கருக்குள் இருந்தே சிரித்தார்கள். ஒருவரும் ஒருவரையும் அடக்கவில்லை. நெடுங்கேணித் தலைவர் படுத்த நிலையிலேயே வழக்குப் போட்டார். "தண்டவாளம் அடிச்சாப் பிறகு போன பந்து கோல் இல்லை!" நடுவர் தலையைத் தூக்கி, "தண்டவாளம் அடிச்சது பந்துக்குத் தெரியுமோ?" என்று கேட்டு, கோல் என்று விசில் அடித்தார்.

நீங்கள் அப்போதுதான் திரும்பினீர்கள். எல்லோரும் மண்ணில் கிடந்தார்கள். வலைக்குள் பந்து. அதற்கு முன்னால் தம்பி குப்புறக் கிடந்து, ஒரு கையை மட்டும் மேலே தூக்கி உங்களுக்குக் காட்டினான். நீங்கள் சிரிக்கவில்லை. "எனக்கு முந்தி நீங்கள் எல்லாரும் இரைச்சலைக் கேட்டிட்டியள் எண்டு நினைச்சன் பிள்ளை," என்றீர்கள். பிறகு மரத்தில் சாய்ந்து நீளமாக மூச்சு விட்டீர்கள். ஒரு மனிதர் தான் பிழை விடவில்லை என்று அறியும்போது எப்படி இருப்பார் என்பதை அன்றுதான் பார்த்தேன்.

வீட்டுக்கு நடக்கும்போது கேட்டீர்கள். "எந்தக் காலாலை அடிச்சவர்?"

"நான் காணேல்லை அப்பா. முன்னுக்கு எல்லாரும் எழும்பிட்டினம்."

"காணேல்லையோ?"

"இல்லை."

நீங்கள் சைக்கிளை உருட்டினீர்கள். தம்பி பின்னால் வந்தான். அவனுக்குக் கேட்டிருக்க வேண்டும். முற்றத்துக்கு வந்ததும் உங்களைப் பிடித்து வீட்டில் இருந்த ஒரே கதிரையில் இருத்தினான். உடுப்புக் காயப்போடும் கொடியின் இரண்டு கட்டைகளும் கோல் கம்பங்கள் என்றான். அம்மாவைக் குசினிக்குள் இருந்து இழுத்து வந்து பக்கத்தில் ஓடி வந்த ஆளாக நிறுத்தினான். "என்னை இடிச்சியோ, நாளைக்குச் சாப்பாட்டுப் பாசல் இல்லை," என்றார் அம்மா, அகப்பையும் கையுமாக.

நீங்கள் இருந்தீர்கள், ஆனால் பார்க்கவில்லை. பந்தைத் தம்பி வைக்க முதலே உங்கள் கண் மேலே போய்விட்டது. இறக்கினீர்கள். திரும்பவும் போனது. தம்பி பந்தோடு நின்று காத்துக்கொண்டிருந்தான்.

நான் எழும்பிப் படலையடிக்குப் போனேன், கூரையும் மரமும் மறைக்காத இடத்துக்கு. உங்களுக்கு முதுகைக் காட்டி நின்றேன்.

"நான் நிக்கிறன். நீங்கள் இருந்து பாருங்கோ அப்பா."

வெறுங்கால் ஓடும் ஓசை கேட்டது. "அட பாவி!" என்றார் அம்மா. பந்து கிடுகு வேலியில் மோதியது.

"இடது கால்!" என்றீர்கள். அப்படி ஒரு குரலை உங்களிடம் நான் அதற்கு முன் கேட்டதில்லை. "இவருக்கு இடது கால் வருது! இன்னொருக்கா அடி தம்பி. இன்னொருக்கா."

இருட்டுப்படும்வரை அடித்தான். நீங்கள் எழும்பவேயில்லை. மறுநாள் தம்பி புறப்பட்டான், பத்திரமாகப் போய்ச் சேர்ந்தான். நீங்கள் எத்தனையோ வருடங்களுக்குப் பிறகு, சண்டையெல்லாம் ஓய்ந்த காலத்தில், சொந்தக் கட்டிலில் உறக்கத்தில் போனீர்கள். இவை எதுவும் நடக்கும் என்று அன்று எனக்குத் தெரியாது. நான் திரும்பிப் பார்க்கவும் இல்லை. அந்தக் கோலை இன்றுவரை கண்டதில்லை. என்னிடம் இருப்பது அந்தப் பின்னேரத்து வானம்தான், அப்பா. பரந்தனிலிருந்து முல்லைத்தீவுவரை விரிந்து கிடந்த வானம். நான் அதைக் கண் எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தேன். அதில் ஒன்றும் வரவில்லை.