சவுக்குக் கிளையும் பின்கதவுச் சாவியும்

மார்கழி (டிசெம்பர்) 23, இரவு.

சுறாக்களே வழிவிட்டு ஒதுங்கும் பெருமகனாகிய நான் இன்று சிறைப்பட்டேன். சிறை, தங்கச்சி மகள், என் மருமகள் றெஜினாவின் புது வீடு. அவளுடைய முதல் சொந்த வீட்டு நத்தாருக்கு, கிறிஸ்மஸ் மரமாக வைக்கவென்று ஒரு சவுக்குக் கிளை வெட்டிப் போனேன். அதன் உச்சியில் ஏறினால் ஆனையிறவு உப்பளம் தெரியும்.

"அடிப்பக்கத்தை முந்தி இழுங்கோ மாமா, கிளை மடங்கி வரும்" என்றாள். உள்ளே நின்று இழுத்தேன். பாதி வந்து முன்வாசல் நிலையில் இறுகிவிட்டது. திருப்பித் தள்ளினால் கிளைகள் விரிகின்றன. கத்தியோ வெளியே. அவள் புருசன் கடலில்.

"பின்கதவைத் திற பிள்ளை. நான் என்ர வாடிக் குடிசைக்குப் போகவேணும்."

"சாவியைக் காணேல்லை மாமா." தேடாமலே சொன்னாள். "இந்த இருமலோட கடற்கரையில தனியப் படுத்தது காணும், இனி வேண்டாம். இஞ்ச உங்களுக்கு அறை இருக்கு."

"நான் என்ன கைதியோ?"

"ஓம். நத்தாருக்கு மட்டுமில்லை."

கிடந்த கிளையிலேயே மின்குமிழ் சுற்றி, வெள்ளிப் பந்துகளைத் தொங்கவிட்டாள்.

மீன்கூடு பின்னியே நரைத்தவன் நான். உள்ளே போகலாம், திரும்ப முடியாது. கூட்டு வாயின் சூட்சுமம் அதுதான். பக்கத்தில் இருந்து பார்த்து வளர்ந்தவள் அவள். இப்போதுதான் உறைக்கிறது.

இங்கே கடல் கேட்கவில்லை. ஓர் இரவு படுத்தால் பழகிவிடுமோ என்றுதான் பயம்.

பந்துகளுக்கு நடுவே சாவி மினுங்குகிறது. எட்டினால் எடுக்கலாம்.

அவள் நித்திரையோ என்று அறிய மெல்ல இருமிப் பார்த்தேன். குசினியில் சுடுதண்ணீர் வைக்கிற சத்தம் கேட்கிறது.